சொன்னால்தான் செய்கிறான்

கேள்வி:

வணக்கம் மேடம். என் மகனுக்கு 8 வயது. 3 வயதில் ஆட்டிசம் என்றார்கள். அன்றிலிருந்து தெரபிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறோம். கை கழுவ, சட்டை போட, பையை அடுக்க எல்லாம் அவனுக்குத் தெரியும். ஆனால் சொன்னால்தான் செய்கிறான். குழாயைத் திறந்து கையை நனைப்பான், அப்படியே நின்று என் முகத்தைப் பார்ப்பான். 'சோப்பை எடு' என்றால் எடுப்பான். மறுபடி நிற்பான். 'தேய்' என்றால் தேய்ப்பான். பள்ளியில் பக்கத்தில் உட்காரும் உதவியாளர் அக்கா சொல்லாமல் பையைக்கூடத் திறப்பதில்லை. வகுப்பாசிரியர் அதைச் சோம்பேறித்தனம் என்கிறார். 'இது என்ன? பந்துன்னு சொல்லு' என்றால், 'பந்துன்னு சொல்லு' என்றே திருப்பிச் சொல்கிறான். 'பிராம்ப்ட்டைக் குறைங்க', அதாவது எடுத்துச் சொல்லி உதவுவதைக் குறைங்க என்று தெரபிஸ்ட் சொன்னதால், போன வாரம் ஒரு நாள் முழுக்க வாயே திறக்காமல் இருந்து பார்த்தேன். தண்ணீர் ஓட ஓட அப்படியே நின்றான். பிறகு அழுது தலையில் அடித்துக்கொண்டான். சொல்லிச் சொல்லி நான்தான் அவனைக் கெடுத்துவிட்டேனா? கையைப் பிடித்துச் செய்ய வைக்கலாமா, கூடாதா?

பதில்:

முதலில் அந்தச் 'சோம்பேறித்தனம்' என்ற சொல்லைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். சோம்பல்படுகிற பிள்ளை நழுவப் பார்ப்பான். உங்கள் மகன் குழாயடியிலேயே நிற்கிறான், கை நனைந்திருக்கிறது, கண் உங்கள் முகத்தில் இருக்கிறது. தன் முறைக்காகக் காத்திருப்பவன் நிற்கிற நிலை அது.

அவன் எதைக் கற்றுக்கொண்டிருக்கிறான் என்று அவன் பக்கம் நின்று எழுதிப் பாருங்கள். குழாயைத் திற. கையை நனை. அம்மா 'சோப்பை எடு' என்பார். சோப்பை எடு. அம்மா 'தேய்' என்பார். தேய். நீங்கள் உதவி என்று நினைத்துத் தருகிற குரல், அவன் கணக்கில் கை கழுவுகிற வேலையின் ஒரு பகுதியாகவே ஆகிவிட்டது. நீங்கள் வாயை மூடிக்கொண்ட அந்த நாளில் அவனுக்கு நடுவில் ஒரு படியைக் காணோம். பழகிய மாடிப்படியில் இருட்டில் இறங்கும்போது ஒரு படி இல்லாமல் போனால் நமக்கே நெஞ்சு திக்கென்கும். அவன் அழுததில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

நல்ல தமிழில் 'அடி எடுத்துக் கொடுப்பது' என்று ஒரு வழக்கு உண்டு. பாட வேண்டியவருக்கு முதல் அடியை மட்டும் சொல்லிக் கொடுப்பது. மிச்சத்தை அவர் பாட வேண்டும். பிராம்ப்ட் என்று தெரபி சென்டர்களில் நாங்கள் சொல்வது இதைத்தான், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. முழுப் பாட்டையும் நாமே பாடினால் எதிரில் இருப்பவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். அதே நேரம், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு ஆய்வுகளால் உறுதிப்பட்ட பயிற்சி முறைகள் என்று அமெரிக்க ஆய்வாளர்கள் 2020இல் தொகுத்த 28 முறைகளில் பிராம்ப்ட்டும் ஒன்று. எனவே எடுத்துக் கொடுத்ததில் தப்பில்லை. எப்போது நிறுத்துவது என்ற திட்டம் இல்லாமல் கொடுத்ததுதான் சிக்கல். அந்தத் திட்டத்தை உங்களுக்கு யாரும் போட்டுத் தரவும் இல்லை. 'குறைங்க' என்பது அறிவுரை. எப்படிக் குறைப்பது என்பதுதான் எங்கள் வேலை. அதை உங்கள் தலையில் கட்டியிருக்கக் கூடாது.

நானும் இதே குழியில் விழுந்திருக்கிறேன். வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு சிறுமிக்குப் பட அட்டைகளைக் கொண்டு பொருள்களின் பெயர் கற்றுக்கொடுத்தேன். நான்கு அட்டைகளை வைத்து 'நாற்காலி எங்கே?' என்பேன், சரியாகத் தொடுவாள். மாதக்கணக்காக என் நோட்டு முழுக்க டிக் குறிகள். நான் விடுப்பில் இருந்த ஒரு நாள் சக ஆசிரியர் ஒருவர் என் இடத்தில் உட்கார்ந்தார். ஒரு அட்டைகூடச் சரியாக வரவில்லை. மறுநாள் அவர் என் பக்கத்தில் இருந்து கவனித்துவிட்டுச் சிரிக்காமல் சொன்னார்: 'நீங்க கேள்வி கேட்டவுடனே உங்க கண்ணு அந்த அட்டைக்குப் போயிடுது.' அவள் நாற்காலியைக் கற்கவில்லை, என் கண்ணைக் கற்றிருக்கிறாள். அதுவும் அருமையாக.

ஜெர்மனியில் ஹான்ஸ் என்று ஒரு குதிரை இருந்தது. கணக்குக் கேட்டால் காலால் தட்டி விடை சொல்லும் என்று ஊரே வியந்தது. ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற உளவியலாளர் 1907இல் வெளியிட்ட ஆய்வில் குட்டு உடைந்தது. கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. சரியான எண்ணிக்கை வந்ததும் கேட்பவரின் தலை தன்னையறியாமல் துளி அசைந்தது. குதிரை அதைப் பார்த்து நிறுத்தியது. இந்தக் கதையில் குறை குதிரையிடம் இல்லை, கேட்டவரிடம் இருந்தது. நாம் கொடுக்கிறோம் என்று தெரியாமலே கொடுக்கிற பிராம்ப்ட்டுகள்தான் அதிகம். சரியான பொருளைக் கைக்குப் பக்கத்தில் வைப்பது, தப்பானதைத் தொடப்போனால் 'ம்ம்' என்று இழுப்பது, சரி என்றால் முன்கூட்டியே முகம் மலர்வது எல்லாமே இதில் சேரும்.

இனி உங்கள் குழாயடிக்கு வருவோம்.

உதவியில் பல வகை உண்டு. வாயால் சொல்வது, விரலால் காட்டுவது, செய்து காட்டுவது, படம் வைப்பது, பொருளைக் கண்ணில் படும்படி நகர்த்தி வைப்பது, கையைத் தொட்டு வழிநடத்துவது. இவற்றுள் எல்லோர் கைக்கும் சட்டென்று வருவது வாய். விலக்கிக்கொள்ள மிகவும் கஷ்டமானதும் அதுதான். யோசித்துப் பாருங்கள், கையில் கொடுத்த அழுத்தத்தை நாளுக்கு நாள் குறைக்கலாம். மணிக்கட்டில் பிடித்தது முழங்கைக்குப் போகும், பிறகு தோளில் ஒரு விரல், பிறகு ஒன்றும் இல்லை. 'சோப்பை எடு' என்பதை எப்படி இளைக்க வைப்பீர்கள்? 'சோப்பு', 'சோ...' என்று கொஞ்சம் குறுக்கலாம், அதற்கு மேல் வழியில்லை. போதாக்குறைக்குக் குரல் வருகிற இடம் உங்கள் முகம். அவன் பார்க்க வேண்டியது சோப்பை. குரலுக்காகக் காத்திருக்கும் பிள்ளை சோப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அம்மாவைப் பார்த்து நிற்கிறான்.

எனவே முதல் வேலை, நீங்கள் இடம் மாறுவது. பக்கத்தில் நிற்காதீர்கள், எதிரில் வேண்டவே வேண்டாம். அவனுக்குப் பின்னால் அரையடி தள்ளி நில்லுங்கள். அவன் திரும்பிப் பார்த்தால் முகத்தில் எதுவும் காட்டாமல், பார்வையை அவன் தோளில் வையுங்கள். சோப்பைப் பார்க்காதீர்கள், என் கதை ஞாபகம் இருக்கட்டும்.

அதற்கு முன்பு மூன்று நாள் எதையும் மாற்றாமல் எழுத மட்டும் செய்யுங்கள். கை கழுவுவதை ஆறு துண்டாக உடையுங்கள்: குழாயைத் திறப்பது, நனைப்பது, சோப்பை எடுப்பது, தேய்ப்பது, அலசுவது, குழாயை மூடித் துடைப்பது. ஒரு தாளில் கட்டம் போட்டு ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே தானாகச் செய்தானா, சைகை வேண்டியிருந்ததா, சொல் வேண்டியிருந்ததா என்று ஓர் எழுத்து. நான் பார்த்தவரை இந்தத் தாள் பெற்றோரை அசர வைக்கும். 'எல்லாத்துக்கும் சொல்லணும்' என்று வருபவர்களின் தாளில் ஆறில் மூன்று துண்டு தானாகவே நடந்திருக்கும். பழக்கத்தில் அதற்கும் சேர்த்துச் சொல்லியிருப்பார்கள். உங்கள் கடிதத்திலேயே பாருங்கள், திறப்பதும் நனைப்பதும் ஏற்கெனவே அவனுடையவை.

பிறகு, அவன் நிற்கிற ஒரே ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சோப்பு என்றே வைப்போம். முதல் இரண்டு நாள் காத்திருக்கவே விடாதீர்கள். கை நனைந்த அதே கணத்தில், பின்னாலிருந்து அவன் முழங்கையை லேசாகச் சோப்புப் பக்கம் தள்ளுங்கள். தொட்டால் பிடிக்காது என்றால் சோப்பை விரலால் காட்டுங்கள். பேச்சு வேண்டாம். மூன்றாம் நாளிலிருந்து கை நனைந்த பிறகு மனசுக்குள் 'ஒன்று, இரண்டு' என்று எண்ணிவிட்டு அதே தள்ளல். இரண்டு நாள் கழித்து நான்கு வரை எண்ணுங்கள். பிறகு ஐந்து, ஆறு. என்றைக்காவது நீங்கள் மூன்றை எண்ணிக்கொண்டிருக்கும்போதே அவன் கை சோப்புக்குப் போகும். அந்த நொடிதான் முக்கியம். அது வரை உங்கள் கைக்குக் கட்டுப்பட்டிருந்த வேலை, ஈரமான கைக்குக் கட்டுப்பட்டதாக மாறிவிட்டது. கை நனைந்தால் சோப்பு, அவ்வளவுதான்.

இதை நான் கண்டுபிடிக்கவில்லை. பால் டச்செட் என்ற ஆய்வாளர் 1971இல் செய்து காட்டியது. கற்பவருக்குச் சரியான விடையை நிறத்தால் காட்டிக்கொடுத்துவிட்டு, அந்த நிறம் வருவதை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதப்படுத்தினார். ஒரு கட்டத்தில் நிறம் வருவதற்கு முன்பே விடை வந்துவிட்டது. உதவியின் அளவு கடைசி வரை குறையவில்லை. அது வந்து சேர்கிற நேரம் மட்டும் தள்ளிப்போனது. வாயால் சொல்வதைத்தான் விட முடியவில்லை என்கிற பெற்றோருக்கும் இது உதவும். சொல்லுங்கள், ஆனால் தாமதமாகச் சொல்லுங்கள்.

காத்திருப்பது எளிது போலத் தோன்றும், செய்து பார்த்தால்தான் தெரியும். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970களில் சாதாரண வகுப்பறைகளில் அளந்து பார்த்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு நொடிதான். அதை மூன்று நொடியாக்கியதும் பிள்ளைகளின் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலருக்குக் கேட்டது உள்ளே போய்ச் செயலாகத் திரும்ப இன்னும் நேரம் பிடிக்கும். அதற்குள் நாம் 'சோப்பை எடு, எடுடா, சோப்பு எங்கே, எடு' என்று நான்கு தடவை சொல்லிவிடுகிறோம். ஒவ்வொரு தடவையும் அவன் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எனக்கு நானே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்று: ஒரு முறை சொன்ன பிறகு மறுமுறை வாய் திறக்கக் கூடாது. இரண்டாம் முறை வேண்டும் என்றால் அது கையாகவோ சைகையாகவோதான் இருக்கும்.

தானாகச் செய்த தடவைக்கும் தள்ளிவிட்டுச் செய்த தடவைக்கும் ஒரே மாதிரி 'வெரி குட்' சொல்லாதீர்கள். தள்ளியபோது ஒரு சின்னத் தலையசைப்பு போதும். தானாக எடுத்த நாளில் அவனுக்கு எது கொண்டாட்டமோ அது உடனே நடக்கட்டும். சிலருக்குத் தூக்கிச் சுற்றுவது, சிலருக்குப் பிடித்த காரைப் பற்றி இரண்டு நிமிடம் பேசுவது. சத்தமான கைதட்டல் வேண்டாம். பல பிள்ளைகளுக்கு அது பரிசே இல்லை.

இந்த முறை அவனுக்குத் தெரிந்த வேலைக்கு என்பதை மறந்துவிடாதீர்கள். தெரிந்த வேலையில் குறைந்த உதவியிலிருந்து தொடங்கித் தேவைக்கு ஏற்றுவோம். சுத்தமாகத் தெரியாத வேலைக்கு, உதாரணமாக ஷூ லேஸ் கட்டுவதற்கு, இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். முதலில் நிறைய உதவி, பிறகு இறக்கம். தெரியாததில் தடுமாற விட்டால் தப்பான முடிச்சு கையில் ஏறிக்கொள்ளும், பிறகு அதை அவிழ்ப்பது இரட்டை வேலை. அப்படிப்பட்ட வேலையில் நான் கடைசியிலிருந்து தொடங்குவேன். முடிச்சு முழுக்க நான் போட்டு, இறுதியாக இழுக்கிற ஒரு இழுப்பு மட்டும் அவனுடையது. அது கைவந்த பிறகு அதற்கு முந்தைய படி. ஒவ்வொரு நாளும் வேலையை முடித்தவன் அவனாகவே இருப்பான். பாதியில் நின்று அம்மா முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கும் இதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்.

'பந்துன்னு சொல்லு' விஷயத்தில் எனக்குத் தனிப் பிரியம் உண்டு, ஏனென்றால் இது நம் மொழியே செய்கிற சதி. கேட்டதைத் திருப்பிச் சொல்லும் பிள்ளைகள் பலருக்கு வாக்கியத்தின் வால்தான் காதில் தங்கும். தமிழில் வினைச்சொல் வாலில் உட்கார்ந்திருக்கிறது. நாம் கட்டளையைக் கடைசியில் வைக்கிறோம், அவன் அதையும் சேர்த்துப் பிடித்துக்கொள்கிறான். அவன் தப்பாகச் சொல்லவில்லை. நீங்கள் சொன்னதில் எது கேள்வி, எது விடை, எது கட்டளை என்று பிரித்துக் கொடுக்கவில்லை.

'சொல்லு' என்ற சொல்லையே இந்தப் பயிற்சியிலிருந்து எடுத்துவிடுங்கள். 'இது என்ன?' என்று மெதுவாக, கிட்டத்தட்ட கிசுகிசுப்பாகக் கேளுங்கள். ஒரு மூச்சு இடைவெளி. 'பந்து' என்று தெளிவாக, சத்தமாக. அவன் 'பந்து' என்றால் பந்து உடனே அவன் கைக்குப் போகட்டும். சில நாள் கழித்து 'ப...' என்று மட்டும். பிறகு உதடு மட்டும் குவியும், சத்தம் இருக்காது. எழுத்துத் தெரிந்தவன் என்றால் இன்னும் சுலபம்: கேட்டுவிட்டு 'பந்து' என்று எழுதிய அட்டையைக் காட்டுங்கள், பிறகு அட்டையை மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக மறையுங்கள்.

வீட்டில் இன்னொருவர் இருந்தால் இன்னொரு வழி. நீங்கள் எதிரில் இருந்து கேளுங்கள். அவர் பிள்ளைக்குப் பின்னால் உட்கார்ந்து, பிள்ளை சொல்ல வேண்டியதை அவன் குரலாக மெதுவாகச் சொல்லட்டும். 'உனக்கு வேணுமா?' என்று கேட்டால் 'உனக்கு வேணும்' என்று பதில் சொல்லும் குழப்பத்துக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. கேள்வி எதிரிலிருந்து வருகிறது, 'எனக்கு வேணும்' அவன் பக்கத்திலிருந்து வருகிறது. 'எனக்கு' என்பது யாருடைய சொல் என்பது இடத்திலேயே விளங்கிவிடுகிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், திருப்பிச் சொல்வதை அடக்க வேண்டிய கெட்ட பழக்கமாக நினைக்காதீர்கள். சொல்லாமலே இருக்கும் பிள்ளையோடு வேலை செய்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய கைப்பிடி என்று.

கையைப் பிடிக்கலாமா என்று கேட்டீர்கள். தொடலாம், பிடித்து இழுக்கக் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள கோட்டை அவன் உடம்பே சொல்லும். உங்கள் கைக்குள் அவன் கை தளர்ந்து வந்தால் அது உதவி. விறைத்தால், பின்னால் இழுத்தால், விரலை மடக்கிக்கொண்டால் அந்த நொடியே விட்டுவிடுங்கள். இன்னொரு வழியும் இருக்கிறது, அவன் கைமேல் உங்கள் கையை வைப்பதற்குப் பதில் உங்கள் கைமேல் அவன் கையை வைத்துக்கொள்வது. அதில் விலகிக்கொள்கிற சுதந்திரம் அவனிடம் இருக்கும். சிறு வயதில் கட்டாயமாகக் கை பிடித்துச் செய்ய வைக்கப்பட்டது பற்றி, ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் இன்று வெளிப்படையாக எழுதுகிறார்கள். படிக்கச் சங்கடமாகத்தான் இருக்கிறது, எங்களைப் போன்றவர்கள் படித்தே ஆக வேண்டும். அது போக, யார் கையைப் பிடித்தாலும் அசையாமல் கொடுக்கப் பழகிய பிள்ளைக்கு, வெளியே ஒரு தப்பான ஆள் கையைப் பிடித்தால் உதறத் தெரியுமா? வேண்டாம் என்று கையை இழுப்பதும் அவன் கற்க வேண்டிய பாடம்தான். அதே காரணத்தால் 'என்னைப் பாரு' என்று முகவாயைப் பிடித்துத் திருப்புவதையும் நான் அடியோடு விட்டுவிட்டேன். சோப்பைப் பார்க்க வேண்டிய நேரத்தில் என்னைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

பள்ளி விஷயம் உங்கள் கையில் முழுக்க இல்லை, ஆனாலும் அந்த உதவியாளரோடு பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுங்கள். குறை சொல்கிற தொனி வேண்டாம். அவரிடம் பெரும்பாலும் யாரும் எதையும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள், பிள்ளை பின்தங்கினால் தன்மேல் பழி வரும் என்ற பயமும் இருக்கும். இப்போது வகுப்பில் நடப்பது இதுதான்: ஆசிரியர் 'எல்லாரும் நோட்டை எடுங்க' என்கிறார், அக்கா அவன் காதில் 'நோட்டை எடு' என்கிறார். கொஞ்ச நாளில் ஆசிரியரின் குரல் அவனுக்கு மின்விசிறிச் சத்தம் போல ஆகிவிடுகிறது. எப்படியும் மொழிபெயர்ப்பு வரும் என்று அவனுக்குத் தெரியும். ஆசிரியர் சொன்னதை அக்கா மறுபடி சொல்லக் கூடாது, இது முதல் விதி. ஐந்து நொடி கழித்தும் அசையவில்லை என்றால் பின்னாலிருந்து பையை விரலால் காட்டலாம், அல்லது பக்கத்துப் பிள்ளை நோட்டை எடுப்பதைக் காட்டலாம். இரண்டாவதுதான் எனக்குப் பிடித்தது. தெரியாத இடத்தில் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்வது நாம் எல்லோரும் செய்கிற வேலை, ஆயுள் முழுக்க உதவும். நாற்காலியும் நகர வேண்டும். பக்கத்தில் இருந்தவர் அரையடி பின்னால், அடுத்த மாதம் பின் வரிசை, அதற்குப் பிறகு வகுப்பின் கடைசி.

அவன் மேசையில் சின்னப் படப்பட்டை ஒன்று ஒட்டிவையுங்கள்: பை, நோட்டு, பென்சில், எழுது. 1993இல் மெக்டஃப், கிராண்ட்ஸ், மெக்லனஹன் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. ஆட்டிசம் உள்ள 9 முதல் 14 வயது வரையிலான நான்கு சிறுவர்களுக்குப் புகைப்பட ஆல்பத்தைப் பார்த்து வேலைகளை வரிசையாகச் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். பக்கத்தைத் திருப்பு, படத்தைப் பார், பொருளை எடு, செய், மறுபடி திருப்பு. கற்றுக்கொடுத்த பெரியவர்கள் பின்னால் நின்று கையால் மட்டுமே வழிகாட்டினார்கள், பிறகு அந்தக் கையையும் விலக்கிக்கொண்டார்கள். பிள்ளைகள் ஆல்பத்தோடு தொடர்ந்து செய்தார்கள், படங்களின் வரிசையை மாற்றியபோதும் செய்தார்கள்.

'அப்போ படத்துக்கு அடிமையாகிவிட மாட்டானா?' என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது, எல்லோரும் கேட்பதுதான். ஆகட்டுமே. நான் அலாரம் இல்லாமல் எழுந்ததில்லை, துண்டுச்சீட்டு இல்லாமல் பொருள் வாங்கப் போனதில்லை. என்னை யாரும் அடிமை என்று சொல்வதில்லை. படம் அவன் சட்டைப்பையில் இருக்கும், அவன் நினைத்தபோது பார்ப்பான். உங்கள் குரல் அவன் சட்டைப்பையில் இருக்க முடியாது. எல்லா உதவியையும் ஒழித்துக்கட்டுவது என் நோக்கம் இல்லை. அடுத்தவர் வாயில் இருப்பதை அவன் கைக்கு மாற்ற வேண்டும். அதனால்தான் 'உதவி' என்று எழுதிய ஒரு அட்டையையும் சொல்கிறேன். மூடி இறுக்கமான டப்பாவைக் கொடுத்து, அவன் திணறும்போது அட்டையை உங்களிடம் நீட்டப் பழக்குங்கள். இன்று முகத்தைப் பார்த்து நிற்பவன் நாளை கேட்டு வாங்குவான். நிற்பதற்கும் கேட்பதற்கும் நடுவில்தான் நிறைய பேர் ஆண்டுக்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள்.

நடுவில் சறுக்கும். காய்ச்சல் வந்தால், வீடு மாறினால், தூக்கம் கெட்டால் தானாகச் செய்த வேலைக்கு மறுபடி தள்ளல் தேவைப்படும். ஒரு படி பின்னால் போங்கள், அடிமட்டத்துக்கு ஓடாதீர்கள். அதே போல மூன்று நாள் தொடர்ந்து தானாகச் செய்தால் அடுத்த துண்டுக்கு நகருங்கள், 'இன்னும் கொஞ்சம் உறுதியாகட்டும்' என்று அங்கேயே உட்கார்ந்துவிட வேண்டாம். வாரக்கணக்கில் தேவையில்லாமல் கிடைக்கும் உதவிதான் மறுபடி ஒரு படியாக ஒட்டிக்கொள்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும். இதுவரை தானாகச் செய்துகொண்டிருந்தவன், புதிதாக உறைந்து நிற்கிறான், அசைவே மெதுவாகிவிட்டது, பாதியில் கை அப்படியே தொங்குகிறது என்றால் அது பிராம்ப்ட் சமாச்சாரம் இல்லை. வளரிளம் பருவத்தில் சிலருக்கு வரும், உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டியது. உங்கள் கடிதத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை. தலையில் அடித்துக்கொள்வது அந்த ஒரு நாளோடு நின்றுவிட்டதா, திரும்ப வருகிறதா என்பதையும் தெரபிஸ்ட்டிடம் சொல்லிவையுங்கள்.

கெடுத்துவிட்டீர்களா என்று கேட்டீர்கள். ஆறு படிகளையும் ஒருவர் அவனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார், அது நீங்கள்தான். இப்போது நாம் பேசிக்கொண்டிருப்பது அந்த வேலையின் பின்பாதி. நாளை காலையிலிருந்து அந்த மூன்று நாள் தாளைத் தொடங்குங்கள். கை கழுவுவதற்கு மட்டும், சட்டையும் பையும் இப்போதைக்குப் பழையபடியே போகட்டும். இரண்டு வாரம் கழித்து அந்தத் தாளையும் சேர்த்து எழுதுங்கள். எந்தத் துண்டில் எத்தனை நொடி வரை எண்ண முடிந்தது என்று ஓரத்தில் குறித்திருந்தால் போதும், மீதியை அதிலிருந்தே பேசலாம்.